மறைவும் அழிவும்: புளோரின் கூட்டுப்பொருள்களை அளக்குமாறு

கற்பூரத்தைத் திறந்து வைத்தால் அது நாளடைவிற் காணாமற் போதலை அறியாதார் இலர். எம் பாட்டியார் ஞாயிற்றுக்கிழமைக்கென மடித்து வைத்த பட்டுப்புடைவைகளினிடையே கற்பூரக் கட்டிகளைச் சிறு துணியில் முடிந்து வைப்பார். அவற்றோடு நாலைந்து மிளகையும் சேர்த்து முடிதல் அவர் வழக்கம். மிளகு காவலிருக்கக் கற்பூரம் ஓடாது என்பது அவர் கொள்கை. ஆண்டிறுதியிற் பெட்டியைத் திறக்குங்கால் மிளகு மட்டும் காவலிருக்கும்; கற்பூரம் போயிருக்கும். அதே கற்பூரத்தை ஒரு தட்டிலிட்டுத் தீக்கொளுவினாலும் சிறிது நேரத்தில் யாதும் எஞ்சுவதில்லை. ஈரிடத்தும் கண்ணுக்குத் தோன்றுவது ஒன்றே: இருந்த பொருள் இல்லையாயிற்று. எனினும் இரண்டும் ஒன்றல்ல. பெட்டியினின்று போன கற்பூரம் கற்பூரமாகவே காற்றிற் கலந்தது. அக்காற்றைக் குளிர்வித்துப் பிடிக்க வல்லார் உளரேல் அதனை மீண்டும் கட்டியாகப் பெறலாம். தட்டில் எரிந்ததோ கரிவாயுவாகவும் நீராவியாகவும் புகைக்கரியாகவும் மாறிற்று. அதனை இனிக் கற்பூரமென்றல் பொருந்தாது. முன்னது மறைவு, பின்னது அழிவு.

கற்பூரத்தளவில் இவ்வேறுபாட்டை மறந்தொழியினும் பெருங்கேடில்லை. ஆயின் இந்நாளில் உலகெங்கணும் நீரிலும் நிலத்திலும் மாந்தர் குருதியிலும் கலந்து கிடக்கும் ஒருவகைப் பொருள்களைப் பற்றியவரையில், மறைந்ததோ அழிந்ததோ என்னும் வினாவே தலையாய வினாவாக நிற்கின்றது. அவை நிலைபேறுடைய புளோரின் கூட்டுப்பொருள்கள். 'என்றும் அழியா இரசாயனங்கள்' என மேனாட்டார் அவற்றுக்குப் பெயரிட்டு வழங்குவர். அவை எவ்வெப்பத்தில் உருகும், எத்துணை எளிதில் ஆவியாகும், எவ்வெப்பத்திற் சிதையும் என்பவற்றை அறிஞர் அளந்து காணும் முறையை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய யாம் இரசாயனசாலையுள் நுழைதல் சிலர்க்கு நகை விளைக்கலாம். சொல்லுக்குச் சொல் பொருள் வேறுபாடு காணப் பயின்று வரும் எமக்கு, 'மறைந்தது', 'அழிந்தது' என்னும் இரு சொற்களின் வேறுபாட்டைத் துலாக்கோல் கொண்டு ஆராயும் கலையொன்று உளதென அறிந்தபோது எழுந்த வியப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

புளோரின் என்பது வெளிறிய மஞ்சள் நிறமுடைய ஒரு வாயு. தன்னை அடுத்த எப்பொருளையும் விடாது பற்றும் இயல்பினது. ஆதலின் அதனைத் தனித்துப் பிரித்தெடுத்தல் நெடுங்காலம் அரிதாயிற்று. முயன்றோருட் பலர் அதன் நஞ்சால் நலிந்தனர், சிலர் உயிரும் இழந்தனர். பிரான்சு நாட்டு ஆன்றி முவாசான் என்பார் 1886ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் அதனைப் பிரித்தெடுத்து, 1906இல் நோபெல் பரிசும் பெற்றார். இப்புளோரின் கரியணுவைப் பற்றிவிடின் அப்பற்று நீங்குதல் எளிதன்று. கரிக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள பிணைப்பை அறுக்க ஒரு மோலுக்கு ஏறத்தாழ 413 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். கரிக்கும் புளோரினுக்கும் உள்ள பிணைப்பை அறுக்கவோ ஏறத்தாழ 485 கிலோஜூல் வேண்டும். நுண்ணுயிர்கள் பிற கரிப்பொருள்களைத் தின்று செரிப்பதுபோல இவற்றைச் செரிக்கமாட்டாமைக்கு இவ்வுறுதி ஒரு பெருங்காரணம்.

இப்பொருள்களின் வரலாறும் ஒரு நிறைகோலினின்றே தொடங்குகின்றது என்பது எமக்கு மிகவும் இனிய செய்தி. 1938 ஏப்ரல் 6ஆம் நாள் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாகாணத்து ஆராய்ச்சிசாலையொன்றில் ராய் பிளங்கெட் என்னும் இளைஞர், டெட்ராபுளூரோ எதிலீன் என்னும் வாயுவை அடைத்துவைத்த உருளையின் வாயைத் திறந்தார். வாயு வரவில்லை. உருளை ஒழுகி வெறுமையாயிற்றென எண்ணி அப்பால் எறிந்திருப்பார் பலர். உருளையின் நிறையை ஆராய்ந்தபோதோ, உள்ளே ஏதோ எஞ்சியிருத்தல் புலனாயிற்று. அதனை அறுத்து நோக்க, வழுவழுப்பான வெண்பொடி அகத்தே இருந்தது. வாயு மறையவில்லை, வேறொன்றாய்த் திரண்டிருந்தது. அப்பொடியே பின்னர் டெப்லான் எனப் பெயர்பெற்றுப் பல கைமாறி, எம் வீட்டு ஒட்டாத தோசைக்கல்லின் மேற்பூச்சாகவும் வந்து சேர்ந்தது.

டெப்லானை ஆக்குதற்குத் துணைப்பொருளாக நெடுங்காலம் வழங்கியது பெர்புளூரோ ஆக்டனாயிக் அமிலம் என்பது. எட்டுக் கரியணுக்கள் தொடர்ந்து நிற்க, அவற்றுள் ஏழினைப் பதினைந்து புளோரின் அணுக்கள் சூழ்ந்திருக்கும். எட்டாவது கரியில் அமிலத்தலை அமைந்திருக்கும். பெயர் நீளமாதலின் இனி இதனை எட்டுக்கரி அமிலம் என்றே வழங்குவோம். அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றங்கரைத் தொழிற்சாலையொன்றினின்று இவ்வமிலம் ஊரார் குடிநீரிற் கலந்தது. அது வழக்காகிய பின்னர், 2005, 2006ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 69,000 மக்கள் தம் குருதியை ஆராய்ச்சிக்குத் தந்தனர். சிறுநீரகப் புற்று, விதைப் புற்று, தைராய்டு நோய், குடற்புண், மிகுகொழுப்பு, கருவுற்றார்க்கு உண்டாகும் குருதியழுத்தம் ஆகிய ஆறனோடும் இவ்வமிலத்திற்குத் தொடர்பு இருத்தல் கூடுமென அதன் பொருட்டு அமைந்த அறிஞர் குழு முடிவு கூறிற்று. 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின்கீழ் இது விலக்குப் பட்டியலிற் சேர்க்கப்பெற்றது. 2024இல் அமெரிக்க அரசு குடிநீரில் இதற்கு விதித்த எல்லை ஒரு லிட்டருக்கு 4 நானோகிராம். அஃதாவது ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கி அவற்றுள் நான்கு கூறு.

இனி, தொழிற்சாலையை அடுத்த ஊரில் இந்நஞ்சு கிடத்தல் வியப்பன்று. ஆலையும் ஊருமில்லாத வடதுருவத்துப் பனிக்கரடியின் உடம்பில் இதன் இனத்துப் பொருள் புகுந்தது எங்ஙனம்? 2001இல் கீஸி, கண்ணன் என்னும் இரு அறிஞர் பல கண்டத்துப் பறவை, மீன், கடல்விலங்கு இவற்றை ஆராய்ந்து, இவ்வினப் பொருளொன்று யாண்டும் பரந்துள்ளமையை வெளியிட்டனர். (பின்னவர் பெயரைக் கண்டவுடன் எம்முள் எழுந்த உவகையை மறைத்தற்கில்லை.) 2022இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, திபெத்தின் உயர்ந்த மேட்டிலும் தென்துருவத்திலும் பெய்யும் நீரிற்கூட இவை காணப்படுதலைக் காட்டிற்று. கடலலை வழியாகச் சிறிது சென்றிருக்கும். எஞ்சியது? காற்றே அதனைச் சுமந்திருத்தல் வேண்டும். காற்றுச் சுமக்கவேண்டுமாயின் பொருள் ஆவியாதல் வேண்டும். ஆகவே, இவை எத்துணை ஆவியாகும் என அளத்தல் வெறும் ஏட்டுக்கல்வியன்று. எங்கே தேடவேண்டும் என்பதையே அவ்வளவு முடிவு செய்கின்றது.

ஈண்டு ஒரு விந்தை உளது. நிறை மிக்க மூலக்கூறு எளிதில் எழாது என்பது பொதுவிதி. ஹெக்சேன் என்னும் ஆறுகரி எண்ணெயின் மூலக்கூற்று நிறை 86. அது 69 சென்டிகிரேடு பாகையிற் கொதிக்கும். அதன் ஹைட்ரஜன் அணுக்கள் அனைத்தையும் நீக்கிப் புளோரினை நிறுத்தினால் நிறை 338 ஆகின்றது. நான்கு மடங்கு கனத்த அப்பொருள் மிக்க வெப்பத்திலன்றோ கொதித்தல் வேண்டும்? அதுவோ 57 பாகையிலேயே கொதித்துவிடுகின்றது. அமிலங்களிலும் இதுவே கதை. புளோரின் கலவாத ஆக்டனாயிக் அமிலம், நிறை 144, ஏறத்தாழ 239 பாகையிற் கொதிக்க, நிறை 414 உடைய எட்டுக்கரி அமிலம் ஏறத்தாழ 190 பாகையிற் கொதிக்கின்றது.

காரணம் யாதெனின், புளோரின் தன் எலெக்ட்ரான்களை இறுகப் பிடித்துக்கொள்வது. இரு மூலக்கூறுகள் அடுத்து நிற்குங்கால் அவற்றின் எலெக்ட்ரான் முகில்கள் சிறிது அசைந்து நெளிதலாலேயே ஒன்றையொன்று ஈர்க்கும். நெளியாத முகிலுக்கு ஈர்ப்புக் குறைவு. தம் வீட்டார் ஒருவரையொருவர் உயிரெனப் பற்றி வாழினும் அயல்வீட்டாரோடு பேச்சு வார்த்தையில்லாத குடும்பத்தை இதற்கு உவமையாகக் கூறலாம். அகத்தே பிணைப்பு வலிது. புறத்தே உறவு மெலிது. தோசை கல்லில் ஒட்டாமையும் இதனாலேயே. பொருள் எளிதில் ஆவியாதலும் இதனாலேயே. அகப்பிணைப்பின் வலிமையால் அழியாமையும், புறவுறவின் மென்மையால் எளிதிற் பெயர்தலும் ஒரு பொருளிடத்தே கூடினமைதான் உலகிற்கு இடராயிற்று.

ஆவியாகும் தன்மையை அளப்பது யாங்ஙனம்? மூடிய கலத்தில் ஒரு பொருளை வைத்தால் அதன் மூலக்கூறுகள் சில மேலெழும்; எழுந்தவற்றுட் சில மீண்டும் வீழும். எழுவதும் வீழ்வதும் ஒத்தபோது ஆவி கலத்தின் சுவரில் ஏற்றும் அழுத்தமே அப்பொருளின் ஆவியழுத்தம். பாஸ்கல் என்னும் அலகால் இதனைக் கூறுவர். நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம் ஓரிலட்சம் பாஸ்கலுக்குச் சற்று மேல். 25 பாகையில் நீரின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 3,170 பாஸ்கல். இத்துணை அழுத்தமாயின் பாதரசக் குழாயே காட்டிவிடும். நாம் எடுத்துக்கொண்ட பொருள்களிற் பலவற்றின் அழுத்தமோ சில பாஸ்கலே. பாதரசம் அதனைக் காட்டுதற்கு மயிரிழையளவே அசையும்.

ஆதலின் அறிஞர் சுற்றுவழி செல்வர். ஒருவழி, உலர்ந்த நைட்ரஜன் வாயுவைப் பொருளின்மீது மெல்லச் செலுத்தி, அது தன்னால் இயன்றமட்டும் ஆவியைச் சுமந்து வரச்செய்து, வெளியே அதனைப் பிடித்து அளப்பது. மற்றொரு வழி டென்மார்க்கு நாட்டு மார்ட்டின் குனுட்சன் என்பார் 1909இல் வகுத்த அடிப்படை பற்றியது. வெற்றிடத்தில் வைத்த சிறு கிண்ணத்தின் மூடியில் ஊசித்துளை ஒன்றிட்டு, அதன்வழி ஆவி ஒழுகுமாறு விட்டு, குறித்த நேரத்திற் கிண்ணம் இழந்த நிறையை அறிவர். துளையின் பரப்பும், நேரமும், வெப்பமும், மூலக்கூற்று நிறையும் தெரியுமாதலின், உள்ளே அழுத்தம் எவ்வளவு இருந்ததெனக் கணக்கிடலாம். ஒரு துளையின் வழியே நழுவியதை நிறுத்து உள்ளிருப்பதை உணரும் இம்முறையின் அழகு, யாப்பிலக்கணம் பயிலும் எம் போலியரையும் ஈர்ப்பதாயிற்று.

வேறொரு வழி கொதிநிலையைப் பற்றியது. அழுத்தத்தைக் குறைக்கக் குறைக்கக் கொதிநிலை தாழும். பல அழுத்தங்களிற் கொதிநிலையைக் கண்டு, கிளாப்பெய்ரான் 1834இலும் கிளாசியஸ் 1850இலும் நிறுவிய விதிப்படி வரைபடம் தீட்டினால், வெப்பத்தின் தலைகீழ் எண்ணுக்கும் அழுத்தத்தின் மடக்கைக்கும் ஏறக்குறைய நேர்கோடு அமையும். கோட்டின் சாய்வு ஆவியாதற்கு வேண்டும் வெப்பத்தைத் தரும். கோட்டை நீட்டினால், நேரே அளக்கவியலாத தாழ்ந்த வெப்பத்து அழுத்தத்தையும் படித்துக்கொள்ளலாம். 2005இல் எட்டுக்கரி அமிலத்திற்கு இங்ஙனம் உயர்வெப்பத்தில் அளந்து நீட்டிக் கண்ட 25 பாகை அழுத்தம் ஏறத்தாழ 4 பாஸ்கல்.

ஆயின் நீட்டுதலில் ஓர் இடர் உண்டு. எட்டுக்கரி அமிலம் ஏறத்தாழ 54 பாகையில் உருகுவது. அதற்கு மேல் அளந்த கோடு நீர்மத்தின் கோடு. 25 பாகையிலோ அப்பொருள் திண்மம். நீர்மத்தின் கோட்டைத் திண்மத்தின் எல்லைக்குள் நீட்டினால், உறையாமல் எஞ்சியதாகக் கருதப்படும் ஒரு கற்பனை நீர்மத்தின் அழுத்தமே கிட்டும். திண்மத்தின் உண்மையழுத்தம் அதனினும் குறைந்ததாகவே இருக்கும். இவ்விரண்டனுள் எதனைக் கூறுகின்றோம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் அட்டவணையில் ஏற்றினால், பின்வந்தோர் இடர்ப்படுவர்.

அங்ஙனம் இடர்ப்பட்டதற்குச் சான்று வேண்டுமாயின் எட்டுக்கு-இரண்டு டெலோமர் ஆல்ககால் என்பதனைக் காண்க. எட்டுக் கரிகளிற் புளோரினும், அடுத்த இரண்டிற் ஹைட்ரஜனும் அமைந்து, கடையில் ஆல்ககால் தலை உடையது. இது பெரிதும் ஆராயப்பட்டதற்குக் காரணம் உண்டு. எட்டுக்கரி அமிலம் நீரிற் சேர்ந்தவுடன் மின்னேற்றம் பெற்று அயனாகிவிடும், அயன் ஆவியாகாது. கடல்நுரை தெறிக்குங்கால் நுண்திவலையோடு சிறிது எழலாமேயன்றித் தானே காற்றில் ஏறுதல் அதற்கு அரிது. டெலோமர் ஆல்ககாலோ எளிதில் ஏறுவது. ஏறிக் காற்றில் ஏறத்தாழ இருபது நாள் உலவி, வழியில் மெல்லச் சிதைந்து, எட்டுக்கரி அமிலத்தையும் அதன் இனத்தையும் சிறிதளவு தோற்றுவிப்பது. கானடா நாட்டு டொராண்டோ நகரத்து அறிஞர் இதனை 2003, 2004ஆம் ஆண்டுகளில் வெளிப்படுத்தினர். துருவத்துக்கு நஞ்சு சென்ற வழிகளுள் ஒன்று இங்ஙனம் புலனாயிற்று.

இவ்வால்ககாலின் ஆவியழுத்தம் 25 பாகையில் எவ்வளவு? 2004ஆம் ஆண்டில் மட்டும் அச்சேறிய எண்களை நோக்குமின். ஒரு சாரார் ஏறத்தாழ 3 பாஸ்கல் என்றனர். ஒரு சாரார் 44 என்றனர். மற்றொரு சாரார் 254 என்றனர். ஒரே பொருள், ஒரே வெப்பம், ஒரே ஆண்டு. ஆயினும் எண்பது மடங்கு வேறுபாடு! மூவரும் கற்றறிந்தோர், மூவரும் உண்மையாகவே அளந்தோர். பொருள் திண்மமோ கற்பனை நீர்மமோ என்னும் வேறுபாடும், முறையின் வேறுபாடும், பொருளின் தூய்மையும் ஈண்டு விளையாடும். தூய்மை பற்றி ஒரு சொல்: இவ்வால்ககாலோடு அதனினும் குறுகிய சங்கிலியுடைய தம்பி ஒருவன் சிறிதளவு கலந்திருப்பின், அவன் மிக எளிதில் ஆவியாகின்றவனாதலின், கலத்தின் அழுத்தத்தில் தன் பங்குக்கு மேலாக இடம் பெறுவான். அளப்பவர் அண்ணனை அளந்தோமென எண்ணித் தம்பியை அளந்திருப்பர். 2005இல் வெளிவந்த விரிந்த ஆராய்ச்சி ஏறத்தாழ 31 என்றும், அடுத்த ஆண்டில் வேறொரு முறையாற் செய்தது ஏறத்தாழ 29 என்றும் கண்டன. இரு வேறு வழியாற் சென்றோர் ஓரூரிற் சந்தித்தமையால், அவ்வெண்ணை நம்பலாமென்று கொள்கின்றோம்.

இன்னுமோர் இடையூறு நகைச்சுவை உடையது. இப்பொருள்களை நுண்ணளவில் அளக்கும் கருவிகளின் குழாய்களும் அடைப்புகளும் பலவும் டெப்லானால் ஆகியன. அவற்றினின்று கசியும் துணுக்கையே கருவி கண்டு அறிவிக்கும். கள்வனைத் தேடுபவர் கள்வன் வீட்டு விளக்கை இரவல் வாங்கிச் சென்றது போலாம். ஆகவே அளப்போர் முதற்கண் தம் கருவியின் உறுப்புகளை மாற்றிக்கொள்ளுகின்றனர்.

இனி வெப்பவியல்புக்கு வருவோம். இதற்குத் தலையாய கருவிகள் இரண்டு. ஒன்று, இரு சிறு கிண்ணங்களை, ஒன்றிற் பொருளும் மற்றொன்று வெறுமையுமாக, ஒரே விரைவிற் சூடேற்றி, இரண்டுக்கும் வேண்டும் வெப்பத்தின் வேறுபாட்டை வரைவது. பொருள் உருகுமிடத்து மிகுதியான வெப்பம் குடிக்குமாதலின் வரைபடத்தில் ஒரு முகடு எழும். டெப்லானை இதில் இட்டால் 327 பாகையை அடுத்து உருகுமுகடும், 19 பாகையிலும் 30 பாகையிலும் சிறு முகடுகளும் தோன்றும். திண்மமாக இருந்துகொண்டே படிக அமைப்பு மாறுதலை அவை காட்டுவன. குளிர்நாட்டு அறையில் அதனைக் கொண்டு செய்த உறுப்பு, நம் நாட்டு வெயிலிற் சற்றே பருத்தலும் இதனாலேயே. இக்கருவியிற் கிண்ணத்தை இறுக மூடாவிடின், எளிதில் ஆவியாகும் பொருள் உருகுமுன்னரே பறக்கத் தொடங்கி, பறத்தற்கு உண்ட வெப்பத்தை உருகுதற்கு உண்டதாகக் காட்டி நம்மை ஏய்க்கும்.

மற்றொன்று வெப்பத்துலாக்கோல். ஜப்பானிய அறிஞர் கோத்தாரோ ஹோண்டா 1915இல் அமைத்தது இதன் முன்னோடி. பொருளைத் தட்டிலிட்டு மெல்லச் சூடேற்றிக்கொண்டே நிறையைக் குறித்துவருவது. கோடு தாழத் தொடங்குமிடமே பொருள் போகத் தொடங்குமிடம்.

இக்கோட்டைக் கண்டு யாம் ஒருமுறை தலைகுனிய நேர்ந்தது. இரசாயனச் சிறப்பு வகுப்பில் பயிலும் எம் அறைத்தோழர் தம் குறிப்பேட்டில், எட்டுக்கரி அமில இனத்தின் நிறை குறைந்து முற்றும் இன்மையாகும் வரைபடமொன்றைப் படியெடுத்து வைத்திருந்தார். இரசாயனசாலையில் அவரோடு நின்ற யாம் அதனை நோக்கி, "இருநூறு பாகைக்குள் முற்றும் அழிந்துவிட்டதே, இதனையா என்றும் அழியாதது என்கின்றனர்?" என்றோம். அவ்வழியே வந்த பேராசிரியர் நின்று, "அழிந்தது என்று துலாக்கோல் சொல்லிற்றா, தம்பி? தட்டில் இல்லை என்றல்லவா சொல்லிற்று? எங்கே போயிற்று என்று கேட்டீர்களா?" என்றார். எமக்கு விடையில்லை. தோழரும் குறிப்பேட்டை மூடிவிட்டார்.

அவ்வினாவின் ஆழம் பின்னரே எமக்குப் புலனாயிற்று. கொதிநிலை 190 பாகை உடைய பொருளைத் திறந்த தட்டிற் சூடேற்றினால் அது சிதையுமுன்னரே ஆவியாகிப் பறந்துவிடும். துலாக்கோல் ஆவியாதலையும் சிதைதலையும் பிரித்தறியாது. இரண்டும் அதற்கு நிறையிழப்பே. பெட்டியிற் கரைந்த கற்பூரமும் தட்டில் எரிந்த கற்பூரமும் அதன் கண்ணுக்கு ஒன்றே. ஆகவே அறிஞர் துலாக்கோலோடு நிறைபிரிமானியையோ அகச்சிவப்புக் கதிர்மானியையோ இணைத்து, தட்டினின்று எழும் ஆவி யாதெனவும் உடனுக்குடன் வினவுகின்றனர். அல்லது பொருளை மூடிய குழாயில் அடைத்துச் சூடேற்றி, பின்னர் அகத்தே கிடப்பவற்றை ஆராய்கின்றனர்.

அங்ஙனம் ஆராய்ந்தபோது கண்டவற்றுள் ஒன்று எம்மைத் திடுக்குறச் செய்தது. எட்டுக்கரி அமிலத்தின் அம்மோனிய உப்பை 2004இல் ஏறத்தாழ 196 பாகைக்கும் 234 பாகைக்கும் இடையே மூடிய குழாயிற் சூடேற்றினர். உப்பு மெய்யாகவே சிதைந்தது. ஆயின் சிதைந்து யாதாயிற்று? அமிலத்தலை மட்டும் கரிவாயுவாகக் கழன்றுவிட, எஞ்சிய ஏழு கரிச் சங்கிலி ஓர் ஹைட்ரஜனைச் சூடிக்கொண்டு, பதினைந்து புளோரினில் ஒன்றையும் இழவாமல், முன்னினும் எளிதிற் பறக்கும் பொருளாக வெளிவந்தது. எட்டுக்கரி அமிலத்தை மட்டும் தேடுபவர் இக்குழாயை ஆராய்ந்தால், 'முற்றும் அழிந்தது' என்று உண்மையாகவே எழுதுவர். பொய்யன்று, ஆயினும் தலையை வெட்டிய பாம்பின் உடல் இன்னும் நெளிகின்றது.

சிதையும் வெப்பம் இனத்துக்கு இனம் வேறுபடும். 2020இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றின்படி, தண்ணீரைத் தூய்மை செய்து கழிந்த கரித்தூளிற் படிந்த எட்டுக்கரி அமிலம் 200 பாகையிலேயே சிதையத் தொடங்க, கந்தகத்தலை உடைய அதன் உறவுப்பொருள் 450 பாகையேனும் வேண்டிற்று. புளோரின் பெரும்பான்மையும் கரியை விட்டுக் கழலுதற்கு 700 பாகை அல்லது அதற்கு மேல் வேண்டிற்று. எல்லாவற்றுள்ளும் பிடிவாதம் உடையது ஒரு கரியும் நான்கு புளோரினும் கூடிய கார்பன் டெட்ராபுளூரைடு; அதனை அழிக்க ஏறத்தாழ 1,400 பாகை வேண்டும். அரைகுறையாக எரிக்குமிடத்து இது தோன்றுதல் கூடும். தோன்றிவிடின், காற்றில் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் ஆண்டு தங்குவது.

வீட்டிலிருப்போர் அஞ்சவேண்டா, எம் அன்னையார் கேட்டதற்கும் யாம் இதனையே கூறினோம். தோசைக்கல்லின் பூச்சு 260 பாகை வரை ஒன்றும் ஆகாது என்பர். வெறுங்கல்லை அடுப்பில் மறந்து விட்டு 350 பாகை தாண்டச் செய்தால் மட்டுமே பூச்சுக் குறிப்பிடத்தக்க அளவிற் சிதைந்து நச்சுப்புகை எழும். அப்புகையாற் கூண்டுக்கிளிகள் இறந்ததுண்டு, மாந்தர்க்குக் காய்ச்சல் கண்டதுண்டு.

பெருங்கவலை உலைகளைப் பற்றியது. தீயணைக்கும் நுரை முதலாய கழிவுகளை எரித்தொழித்தல் எளிய வழியாகத் தோன்றும். அமெரிக்க விதிப்படி, கொடுங்கழிவு எரிக்கும் உலை தன்னுள் இட்ட நஞ்சிற் பதினாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் புகைபோக்கி வழியே விடலாகாது, நூற்றுக்கு 99.99 பங்கு நீங்குதல் வேண்டும். கேட்பதற்கு மிகவும் கண்டிப்பான விதி. ஆயின் நீங்கியது எது? உலையில் இட்ட அதே பொருள் புகைபோக்கியில் எவ்வளவு எஞ்சிற்று என்பதே அவ்விதி கேட்கும் கேள்வி. தலையிழந்து வேறுருக் கொண்டு வெளியேறிய சங்கிலியை அது கேட்பதில்லை. எம் குறிப்பேட்டு வரைபடத்தைக் கண்டு யாம் செய்த பிழையை ஒரு நாடே செய்தற்கு இடந்தரும் விதி இது. அமெரிக்கப் படைத்துறை இவ்வையம் பற்றியே 2022இல் தன் நுரைக் கழிவை எரித்தலைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது.

மெய்யான கேள்வி புளோரினைப் பற்றியது. கணக்கு எளிது. எட்டுக்கரி அமிலத்தின் மூலக்கூற்று நிறை 414. அதில் புளோரின் பதினைந்தும் சேர்ந்து 285. ஆகவே ஒரு கிராம் அமிலத்தில் 0.69 கிராம் புளோரின் உளது. அமிலம் மெய்யாகவே அழிந்ததாயின் அவ்வளவு புளோரினும் கரியை விட்டுக் கழன்று, ஹைட்ரஜன் புளூரைடாக மாறியிருத்தல் வேண்டும். அதனைச் சுண்ணாம்பு நீரிற் பிடித்துக் கால்சியம் புளூரைடாக நிறுக்கலாம். நிறுத்தபோது 0.69க்கு 0.50 மட்டுமே கிட்டுமாயின், எஞ்சிய 0.19 இன்னும் கரியைப் பற்றிக்கொண்டு எங்கோ உலவுகின்றது என்று அறிக. இக்கணக்கு எழுதுதற்கு எளிதேயன்றிச் செய்தற்கு எளிதன்று. ஹைட்ரஜன் புளூரைடு கண்ணாடியையே அரித்துத் தின்பது; பிடிக்க வைத்த குழாயின் சுவரிலேயே ஒரு பகுதி கணக்கிற்கு வராமற் சேர்ந்துவிடும். ஆயினும் கழன்ற புளோரினைக் காட்டாது 'அழித்துவிட்டோம்' என்பார் கூற்றைக் கொள்ளற்க என்பதே இத்துறை வல்லார் இந்நாளிற் கூறுவது.

பேராசிரியர் வினவிய மறுவாரம் எம்மை இருவரையும் அழைத்து, ஒரு தடித்த கண்ணாடிக் குப்பியிற் கற்பூரக் கட்டிகளை இட்டு இறுக மூடி, நிறுத்து எண்ணை எம் கையாலேயே எழுதச் செய்தார். குப்பியின் அடியை மட்டும் வெந்நீரில் நிறுத்தி அன்றிரவு விட்டுச் சென்றோம். காலையில் அடியிற் கட்டிகள் உருவழிந்து குறுகியிருந்தன. குளிர்ந்த கழுத்தைச் சுற்றி வெண்ணிறப் படிகங்கள் மெல்லிய இறகுபோற் படர்ந்திருந்தன. குப்பியைத் துடைத்துத் துலாக்கோலில் வைத்தோம். முதல்நாள் எழுதிய எண்ணே நின்றது. தோழர் மீண்டுமொருமுறை நிறுத்தார்.